நாலாவது குழியில் கழன்ற சப்பாத்து

ஒன்பது குழி கோல்ஃப் ஆட்டம். நாலாவது குழியில் அடித்துவிட்டு இரண்டு எட்டு நடந்திருப்பேன். வலது பாதம் திடீரென்று ஜில்லென்றது. குனிந்து பார்த்தால் சப்பாத்தின் அடிப்பாகம் பின்னால் புல்லில் தனியாகக் கிடக்கிறது. மேல்பாகம் மட்டும் விசுவாசமாக என் காலோடு வந்திருக்கிறது. கூட ஆடிய மூன்று பேரும் நல்லவர்கள், சிரிக்கவில்லை. ஆறாவது குழியில் இடது காலுக்கும் அதே கதி ஆனபோதுதான் சிரித்தார்கள். மிச்ச மூன்று குழியையும் காலுறையோடு ஆடி முடித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த மூன்றில்தான் கொஞ்சம் உருப்படியாகவும் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். சப்பாத்தை வாங்கி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

“எவ்வளவு கொடுத்தம்மா?”

“அறுபது வெள்ளிப்பா.”

“நாங்க வெறுங்காலோட போனோம். ஒண்ணும் கழண்டு விழல.”

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரி. பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். இப்போது இருப்பது டவுனுக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்பு வட்டாரத்தில், மூலை வீட்டில். அந்தத் தாமான் நிற்கும் நிலமும் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக் காடுதான். அப்புறம் செம்பனை வந்தது, அப்புறம் நாங்கள் வந்தோம். வேலை ஈப்போவில், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். வருடத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர்களோடு கோல்ஃப் ஆடும் நாள் ஒன்று வைப்பார்கள். பல வருடம் நான் நிழலில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக் கூப்பன் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் ஆள் குறைந்தது. “நீங்களும் வந்து நில்லுங்க அக்கா, சும்மா பேருக்கு” என்றார்கள். நின்றேன். பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு இது புது விளையாட்டு இல்லை. அவர் சிறுவனாக இருந்த தோட்டத்தில் துரைமாருக்கென்று ஒன்பது குழி மைதானம் இருந்தது. மாடு மேய்ந்த புல், மழைக்காலத்தில் பாதி சேறு. சனி, ஞாயிறு வந்தால் லயத்துப் பையன்கள் பை தூக்கப் போவார்கள். பந்து கால்வாயில் விழுந்தால் இறங்கித் தேட வேண்டும். சில பந்துகள் அன்றைக்குக் கிடைக்காது, மறுநாள்தான் கிடைக்கும். மறுநாள் கிடைத்த பந்து அடுத்த வாரம் அதே துரைக்கே இருபது காசுக்கு விலை போகும்.

“துரைக்குத் தெரியாதாப்பா?”

“தெரியாம இருக்குமா? புதுசு வாங்குறதுக்கு இது லாபம்னு அவருக்கும் தெரியும்.”

மட்டையைத் தொட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “துடைச்சிருக்கேன்” என்றார். பின்னாளில் எம். ராமையா, பி. குணசேகரன் என்று மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் நம் பெயர்கள் அடிபட்டபோது, செய்தித்தாளில் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிடுவார். அதைப் பற்றி எங்களிடம் பேச மாட்டார்.

சரி, சப்பாத்துக்கு வருகிறேன்.

அதை வாங்கியது ஒரு பண்டல் கடையில். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய சாமான்களில் கோல்ஃப் சப்பாத்துகளும் நிறைய வருகின்றன. பெயர் பெற்ற தயாரிப்பு, மேல்தோல் பளபளவென்று இருந்தது, அடியில் புல்லைப் பிடிப்பதற்காக இருக்கும் முள் தேயவே இல்லை. யோகம்தான் என்று நினைத்தேன். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முள் தேயாத பழைய சப்பாத்து என்றால் பல வருடம் அலமாரியில் தூங்கிய சப்பாத்து என்று அர்த்தம்.

பல சப்பாத்துகளில் பாதத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே பாலியூரித்தேன் என்கிற மெத்தைப் பொருள் இருக்கும். காற்றிலுள்ள ஈரமே அதை உள்ளுக்குள் அறுத்துவிடும். பள்ளியில் நீராற்பகுப்பு என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். போட்டு நடந்தாலும் நடக்கும், பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் நடக்கும். நம்ம ஊர் புழுக்கத்துக்குச் சொல்லவே வேண்டாம். அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்த சப்பாத்து தம்பி கல்யாணத்தில் மண்டப வாசலிலேயே உதிர்வதைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கடைக்காரர்தான் ஏமாற்றினார் என்று சிலர் திட்டுவார்கள். பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே பழையது வாங்குவதானால் தோலைப் பார்க்காதீர்கள், நடு மெத்தையைப் பாருங்கள். பக்கவாட்டில் நகத்தால் அழுத்த வேண்டும். பிசுபிசுத்தாலோ, கீறல் விட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முன்பாதி மடியும் இடத்தில் நன்றாக வளைத்துப் பாருங்கள். உள்நாக்கில் தைத்திருக்கும் சிறு துணியில் தயாரித்த மாதமும் வருடமும் பல சப்பாத்துகளில் இருக்கும். அதைத் தேடிப் படிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, மாம்பழத்தையே முகர்ந்து பார்த்துத்தானே வாங்குகிறோம். இவா என்று ஒரு வகை மெத்தை உண்டு, பல ஓட்டச் சப்பாத்துகளில் இருப்பது, கையில் எடுத்தால் நுரை மாதிரி எடையே இருக்காது. அது நாளாக நாளாக அமுங்கிப்போகும், ஆனால் இப்படி உதிராது. ஈர நாட்டில் இருக்கிறவளுக்கு அதுவே மேல்.

முள்ளைப் பற்றியும் கொஞ்சம். ஒரு காலத்தில் கோல்ஃப் சப்பாத்தில் நிஜ இரும்பு ஆணி இருந்தது. அப்பா சொல்வார், துரைமார் கிளப்பின் சிமெண்டுத் தரையில் நடந்தால் குதிரை வருகிற மாதிரி சத்தம் கேட்குமாம். 1990களில் பிளாஸ்டிக் முள் வந்து அதை ஓரம் கட்டியது, ஏனென்றால் ஆணி குழியைச் சுற்றியுள்ள மென்மையான புல்லைக் கிழித்துவிடுகிறது. இன்று பல மைதானங்கள் இரும்பு முள்ளை உள்ளேயே விடுவதில்லை. அப்புறம் 2010 மாஸ்டர்ஸ் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃப்ரெட் கப்பிள்ஸ், எக்கோ கம்பெனியின் முள்ளே இல்லாத ஒரு சப்பாத்தை, அதுவும் காலுறை போடாமல், சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி போட்டுக்கொண்டு ஆடினார். அதற்குப் பின் கழற்றி மாட்டும் முள்ளுக்குப் பதிலாக அடித்தட்டிலேயே சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் வைத்த வகை எங்கும் பரவியது. கழற்றி மாட்டும் முள்ளில் வகைக்கு வகை திருகு வேறு மாதிரி இருக்கும், தேய்ந்தால் அதே வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை ஆடுகிற என்னைப் போன்றவர்களுக்குக் குமிழ் வகைதான் கட்டுப்படியாகும். ஒரு குறையும் உண்டு. விடியற்காலைப் பனியில், சரிவில் நின்று ஓங்கி அடித்தால் முள் பிடிக்கிற அளவுக்குக் குமிழ் பிடிக்காது. நான் ஓங்கி அடிப்பவள் இல்லை, அதனால் எனக்கு நஷ்டமில்லை.

இரண்டாவது தடவை வாங்கப் போனபோது அப்பாவும் கூட வந்தார். பெண்கள் பிரிவில் இருந்தவை எல்லாம் ஒடுக்கமாக இருந்தன. பத்து வயது வரை செருப்பு போடாமல் ஓடிய கால் என்னுடையது, விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். விலையும் 300 வெள்ளிக்குக் கீழே இறங்கவில்லை. அப்பாதான், “அந்தச் சின்னப் பசங்க சப்பாத்தைப் போட்டுப் பாரேன்” என்றார். விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டது. சிறுவர்களுக்கான பெரிய அளவும் என் காலளவும் ஏறக்குறைய ஒன்று. அதே கம்பெனி, அதே மாதிரி அடித்தட்டு, பெண்கள் சப்பாத்தைவிட அகலம், பாதி விலை. கழிவு போக 149 வெள்ளி. சின்னக் கால் உள்ள பெண்கள் முதலில் போக வேண்டிய இடம் அந்த அலமாரி. அமெரிக்க அளவில் சிறுவர் எண்ணும் பெண்கள் எண்ணும் ஒன்றரை, இரண்டு வரை வித்தியாசப்படும் என்பதால் எண்ணை நம்பாமல் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். குதிகாலையும் முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவது மாதிரி முறுக்கிப் பாருங்கள். பிழிய வந்தால் வேண்டாம். அடிக்கும்போது உடம்பு மொத்தமும் முன்காலில்தான் திரும்புகிறது, அங்கே சப்பாத்து குழைந்தால் முழங்கால்தான் பதில் சொல்லும்.

தண்ணீர் புகாத வகைக்கு 80, 100 வெள்ளி கூடக் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இங்கே பெய்கிற மழை கணுக்கால் வழியாகவே உள்ளே போய்விடும். போன தண்ணீரை வெளியே விடாமல் காப்பாற்றுவது மட்டும்தான் மிச்சம். வலைத்துணிச் சப்பாத்தில் செய்தித்தாளைத் திணித்து விசிறிக்கு முன்னால் வைத்தால் மறுநாள் காய்ந்துவிடும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும்.

இதையெல்லாம் நான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா போட்டிருந்தது அடிடாஸ் கம்போங். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அது அடிடாஸ் இல்லை. ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியெல்லாம் குமிழ், சில வெள்ளிக்குச் சாமான் கடையில் தொங்கும். பால் வெட்டுகிறவர்களும் காடு ஏறுகிறவர்களும் போடுவது. கினபாலு மலையில் சுமை தூக்குகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார்கள். ஈரப் புல்லில் அதன் பிடிக்கு என் 149 வெள்ளி ஈடாகாது. மெத்தை கிடையாது, கால் உள்ளே வெந்துவிடும், கிளப் வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனாலும் சுழித்த முகம் என்னுடையதுதான், புல்லுடையது இல்லை.

புழக்கடை மைதானம் கட்டும் யோசனை அந்தக் கடையிலிருந்து திரும்பும் வழியில்தான் வந்தது. யோசனை என்னுடையது என்று நான் சொல்வேன், அப்பா அவருடையது என்பார். ஒரு கணக்குக்காரியாக நான் பார்த்தது இது: 72 தடவை அடித்து முடிக்க வேண்டும் என்று வகுத்த ஒரு 18 குழி மைதானத்தில், குழிக்கு இரண்டு என்று 36 தடவையைப் பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பாதி விளையாட்டு. அந்தப் பாதிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம், மூலை வீட்டின் பக்கவாட்டில் சும்மா கிடக்கும் 18க்கு 42 அடி போதும்.

உருட்டுவது மட்டுமே ஒரு விளையாட்டாக ஆன கதையும் எனக்குப் பிடித்தது. 1867இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்று ஒரு புட்டிங் சங்கம் தொடங்கினார்கள். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்குவது அழகில்லை என்று நினைத்த காலம், அதனால் இவர்களுக்கு மேடும் பள்ளமுமாக ஒரு சின்னத் திடல். இமாலயம் என்று அதற்குப் பெயர், இன்றும் ஆடுகிறார்கள். அமெரிக்காவில் டென்னசி, ஜார்ஜியா எல்லையிலுள்ள லுக்அவுட் மலையில் 1927 வாக்கில் கார்னெட் கார்ட்டர் என்பவர் தன் விடுதியில் குழாயும் கல்லும் வைத்த குட்டி மைதானம் ஒன்று அமைத்து, அது நாடு முழுக்கப் பித்தாகப் பரவியது. அந்த மைதானத்தை அலங்காரமாக வடிவமைத்தவர் அவர் மனைவி ஃப்ரீடா என்பார்கள். ஐரோப்பாவில் இதையே அளவுக் கணக்கோடு போட்டி விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வகைக்கு ஓடுபாதை 6.25 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். எங்கள் அளவுகளை நான் அதிலிருந்துதான் எடுத்தேன். நீளத்தில் கொஞ்சம் கை வைத்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறவர். சிமெண்டு, மணல், உடைந்த ஓடு எதற்கும் எங்களிடம் பஞ்சமில்லை. இருந்தும் முதல் இரண்டு மாதம் செய்ததெல்லாம் தப்பு.

முதல் தப்பு புல். வீட்டுக்காரர் எங்கோ மிஞ்சிய செயற்கைப் புல் ஒரு சுருள் கொண்டுவந்தார். பார்க்கப் பச்சைப்பசேலென்று அருமையாக இருந்தது. பந்தை உருட்டினால் லாலான் களைப்புல்லில் விழுந்த மாதிரி நின்றது. அது தோட்ட அலங்காரத்துக்கான 35 மில்லிமீட்டர்ப் புல். பந்து உருள வேண்டுமானால் இழை குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும், 10 மில்லிமீட்டர் பக்கம், இடையில் மணல் தூவி. நிஜ மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல்லை 3, 4 மில்லிமீட்டருக்கு வெட்டி வைக்கிறார்கள் என்றால் பாருங்கள். குட்டை இழைப் புல்லின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம். தீர்வு கல்யாண மண்டபத்தில் இருந்தது. அலங்காரம் செய்கிறவர்கள் வாசலிலிருந்து மணவறை வரை விரிக்கிறார்களே, ஊசியால் குத்தி இறுக்கிய மெல்லிய கம்பளம், பச்சையிலும் உண்டு. சில விசேஷங்களுக்குப் பின் கிழிசல் என்று ஒதுக்கிவிடுவார்கள். 80 வெள்ளிக்கு எங்களுக்கு வேண்டிய நீளம் கிடைத்தது. தட்டையான சிமெண்டுத் தரையில் அதை ஒட்டினால் பந்து வெண்ணெயாக ஓடுகிறது. ஸ்வீடனில் போட்டிக்கே இப்படி ஃபெல்ட் துணி ஒட்டிய பாதைகள் இருக்கின்றன என்று பிறகு தெரிந்தபோது, நாங்கள் திட்டமிட்டே செய்தது போல முகத்தை வைத்துக்கொண்டோம். மஞ்சள் கறை இரண்டு இடத்தில் இன்னும் போகவில்லை.

இரண்டாவது தப்பு ஓரச் சட்டம். ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைத்தது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் ரப்பர் மரம்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பாசம். அப்பா அப்போதே சொன்னார், “அது மேசைக்குத்தான்ம்மா, மழைக்கு ஆகாது.” மூன்றே மாதம். முதலில் நீலம் பூத்தது, அப்புறம் பூஞ்சை, அப்புறம் கரையான் குடித்தனம். நல்ல மரம் வேண்டும் என்று கடையில் கேட்டால் செங்கால் என்றார்கள். விலையைக் கேட்டேன். செங்கல்லே போதும் என்று வந்துவிட்டேன். அதுவே நல்லதாகவும் போயிற்று. கல்லில் பட்ட பந்து பட்ட கோணத்திலேயே திரும்புகிறது, பூசி வழவழப்பாக்கினால் நம்பிக் கணக்குப் போடலாம். உளுத்த பலகையில் பட்ட பந்து பாதியில் மனம் மாறிவிடும்.

இன்னொன்று, தப்பாகியிருக்கும், ஆகவில்லை. இடித்த லயத்து வீடுகளின் பழைய கூரைத் தகடுகளைப் பாதைக்குப் போடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் லாரியோடு வந்தார். ஐரோப்பாவில் பழைய ஓடுபாதைகளே அந்த மாதிரித் தகடுதான் என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது, உடைத்தாலும் அறுத்தாலும் அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகள் விளையாடுகிற இடம். லாரி திரும்பிப் போனது.

தரை மட்டம் பார்த்தது அப்பா. ரசமட்டம் வைத்துப் பார்த்த வீட்டுக்காரரிடம், “மாப்பிள்ளை, நாலடி கட்டையை வச்சுப் பதினஞ்சடிய நம்பாதீங்க” என்றார். கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையோடு அவர் வேலியோரம் நடந்து, ஆணி அடித்து நூல் கட்டினார். மலைச்சரிவில் வரிசை வரிசையாகப் படி வெட்டிப் பால்மரம் நட்ட இடத்தில் வேலை செய்தவர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட ஆசைப்படும் என்பது அவருக்கு நூலைப் பார்க்காமலே தெரியும். 100க்கு 1 சரிவு வைத்தோம். 12 அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். மழைத் தண்ணீர் பின்னால் இருக்கும் லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக் கால்வாய்க்கு, ஓடிவிடும், பந்தும் தானாக ஓடாது. குழியைச் சுற்றி ஓரடிக்கு மட்டும் தட்டையாக விட்டோம். ரொம்பச் சரிந்த இடத்தில் குழி வைத்தால் தவறிய பந்து நிற்காமல் உங்கள் காலடிக்கே வந்து சேரும். அப்படி ஒரு குழியைக் கட்டி, என் மகள் அழுது, உடைத்துத் திரும்பக் கட்டியதால் சொல்கிறேன்.

குழிக்கு 4 அங்குல பிவிசி குழாய். கோல்ஃப் குழியின் விதிப்படி விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர். கழிப்பறைக்குப் போடும் அந்தக் குழாயின் உள்வாய் ஏறக்குறைய அதுவேதான். துண்டு துண்டாக அறுத்து இறக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் இறங்கிவிடும் என்று எங்கேயோ படித்ததை நம்பினோம். எங்கள் மண் களிமண். சரளைக்குள் போன தண்ணீர் அங்கேயே குடியிருந்தது. ஒரு வாரம் மழைக்குப் பின் டார்ச் அடித்துப் பார்த்தால் ஆறு குழியில் நான்கில் புழு நெளிகிறது. ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். சுகாதாரப் பிரிவு ஆட்கள் பூச்சாடித் தட்டையே கவிழ்த்துப் பார்க்கிற ஊர் இது, 1975ஆம் வருடச் சட்டமே இருக்கிறது, அபராதத் தாளோடு நிற்பார்கள். அதைவிட, எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பையன் முந்தின வருடம் டெங்கியில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மறுபடி தோண்டினோம். ஒவ்வொரு குழியின் அடியிலிருந்தும் அரை அங்குலக் குழாய் ஒன்றைச் சரிவாக லோங்காங் வரை இழுத்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழிக்கும் பெரிய மைலோ டின் மூடி. மூடியைத் தட்டையாகப் போட்டால் அதன் மேலேயே தண்ணீர் நிற்கும், கவிழ்த்துப் போட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆன நேரத்தில் இன்னொரு குழி கட்டியிருக்கலாம்.

அந்த இரண்டாம் தோண்டலில்தான் ஒரு மங்குத் துண்டு கிடைத்தது. பால் சேகரிக்கிற பீங்கான் மங்கு, பாதி உடைந்தது, உள்ளே கறுத்த ஒட்டுப்பால் ஒரு விரல் கனத்துக்கு. அப்பா அதை நகத்தால் சுரண்டி இழுத்துப் பார்த்தார். இன்னும் இழுத்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் பந்தின் கதையைச் சொன்னேன். ஒரு காலத்தில் கோல்ஃப் பந்து என்பது தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்தது. ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சிலவற்றைத்தான் செய்ய முடியும், நனைந்தால் போச்சு, விலையோ மட்டையைவிட அதிகம். பணக்காரர்கள் மட்டும் ஆடினார்கள். 1848 வாக்கில் கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால் அதை மாற்றியது. வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி குழையும், ஆறினால் இறுகும், உடைந்தால் திரும்பவும் உருக்கி உருட்டலாம். சாதாரண ஆட்களும் ஆடத் தொடங்கியது அந்தப் பந்துக்குப் பின்தான். அந்த மரம் நம் மலாய்க் காடுகளில் வளர்ந்தது. கீறினால் பால் போதுமான அளவு வடியாது என்பதால் வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போடவும் அதுவே வேண்டியிருந்ததால் காடு காடாகக் காலி செய்தார்கள். 1898இல் அமெரிக்காவின் ஹாஸ்கல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிய பந்தைக் கொண்டுவந்தார். பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறதே, அந்த வர்க்கத்தின் பால். அதற்குப் பிறகு ரப்பர் மலாயாவை மூடியது டயருக்காகத்தான், பந்துக்காக இல்லை. இருந்தாலும் கோல்ஃபை முதலில் மலிவாக்கியது இந்தக் காட்டுப் பால் என்பதைப் படித்த நாளிலிருந்து, கிளப்பில் எனக்கு முன்பிருந்த கூச்சம் பாதி போய்விட்டது.

அப்பா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்பவும் இதுக்குள்ள நம்ம பால்தானா?”

“இல்லப்பா. இப்ப எண்ணெயிலேர்ந்து எடுக்குற செயற்கை ரப்பர்.”

“அதான பாத்தேன்” என்று கீழே வைத்துவிட்டார்.

ஆறு குழியும் இப்போது ஆட்டத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை, மூன்று வெறும் நேர்க்கோடு. முதலாவதற்குப் பெயர் பெரட்டு, அப்பா வைத்தது, காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கிற இடம். மூன்றாவதில் பழைய பால்வாளி ஒன்றைச் சாய்த்து அடியில் ஓட்டை போட்டிருக்கிறோம். வாளிக்குள் போகும் பந்து டமாரமென்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வரும், எந்த வேகத்தில் என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாவது துரை பங்களா. ஏற்றம், மேலே மேடை, மேடையின் பின்னால் தடுப்பு இல்லை. மெதுவாக அடித்தால் திரும்பி வரும், வேகமாக அடித்தால் வேலியைத் தாண்டி லோங்காங். வீட்டுக்காரர் காற்றாலை வைக்கலாம் என்றார். நாங்கள் யாரும் காற்றாலையை நேரில் பார்த்ததில்லை என்று அந்தத் தீர்மானம் தோற்றது. போட்டி விதியைப் பின்பற்றி ஆறு தடவை அடித்தும் விழாவிட்டால் ஏழு என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். இந்த ஒரு விதி எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

வேகத்தை அளக்க மகன் ஒரு கருவி செய்தான். 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் யோசித்தது: ஒரு பள்ளமான நீளக் கட்டையில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால் 20 பாகைச் சாய்வு வரும்போது பந்து தானாக உருளும். தரையில் எத்தனை அடி ஓடுகிறது என்பதே வேகம். இவன் அலுமினியச் சட்டத்தில் செய்தான். எங்கள் கம்பளத்தில் போகும்போது ஒன்பது அடி, வரும்போது ஏழு. அப்பாவின் நூல் வைத்த 100க்கு 1 சரிவு அப்படியே இருக்கிறது என்று இதற்கு அர்த்தம். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கணக்குக்காரி என்பதால் செலவையும் எழுதி வைத்திருக்கிறேன். கம்பளம் 80, சிமெண்டு நான்கு மூட்டை ஏறக்குறைய 100, குழாய்கள் 65, பசை 40, பண்டல் கடையில் வாங்கிய மூன்று புட்டர் (பந்தை உருட்டும் மட்டை) 75, வீணாய்ப்போன ரப்பர் மரப் பலகை 90. மொத்தம் 450 வெள்ளி. கல்லும் மணலும் மிச்சச் சாமான். கூலி போட்டால் வேறு கணக்கு வரும், அதைப் போடவில்லை. புட்டரை மட்டும் பழையதாக வாங்கப் பயப்பட வேண்டாம், இரும்புக்கு நீராற்பகுப்பு கிடையாது. பிடி தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அவ்வளவு ஆராய்ந்து வாங்கிய சப்பாத்து இந்த மைதானத்தில் கால் வைக்க முடியாது. ரப்பர் குமிழே கம்பளத்தின் இழையைக் கிளப்பிவிடுகிறது. வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வேலியோரம் ஒரு வரிசை நிற்கும்: என் 149 வெள்ளி, பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்து, வீட்டுக்காரரின் சிலிப்பர், கடைசியில் அடிடாஸ் கம்போங்.

துரை பங்களாவில் அப்பா எப்போதும் வேகமாகத்தான் அடிப்பார். பந்து வேலியைத் தாண்டும். மகன் லோங்காங்கில் இறங்கித் தேடுவான். சில பந்துகள் அன்றைக்குக் கிடைப்பதில்லை. போன வாரம் அவன் கை நிறையப் பந்தோடு வந்து, ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்றான். அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இரண்டைத் தள்ளிவிட்டு, ஐம்பது காசுக்கு இறக்கினார்.